தலைமுழுக்கு

உ

மாம்பலம்,
9 ஆகஸ்டு 1933

கனம் கலீமுல்லா ஹஜ்ரத் அவர்கள் சமூகத்திற்கு, சுண்ணாம்பு மண்டி வடிவேலு எழுதிக்கொண்டது. நான் சுகம். வாணியம்பாடித் தண்ணீர் தங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுதவும்.

இப்பவும், சென்ற வெள்ளிக்கிழமை நான் முஸ்லிமாகியிருக்க வேண்டியது. ஆகவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தாங்கள் சைதாப்பேட்டைப் பள்ளிவாசலை விட்டு அங்கே மதரஸாவில் ஓதிக்கொடுக்கப் போன பிறகு, இந்த விஷயம் பேச எனக்கு ஆளில்லை. பட்டணத்தில் ஒரு மௌலவி இதற்கென்றே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனேன். நல்ல மனிதர். பாதாம்பால் கொடுத்து உபசரித்தார். பெயர் கேட்டார், தொழில் கேட்டார், மண்டியில் எத்தனை ஆள் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள். நோட்டீஸ் அச்சடித்து, மாலை போட்டு, ஊர்வலமாகவே அழைத்துப் போகலாம். உங்களைப் போல ஒருவர் வந்தால் பின்னால் நாலு பேர் வருவார்கள்" என்றார்.

ஏன் வருகிறாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அடையாறு முகத்துவாரத்தில் கிளிஞ்சல் பொறுக்கித் தலையில் சுமந்து ஆரம்பித்தவன் நான். சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவனைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம். வெள்ளிக்கிழமை போகவில்லை. மண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கச் சரக்குக் கொண்டுவந்த நாட்களில் தாங்கள் என்னோடு பேசியது வேறு மாதிரி. ஆகையால் தாங்களே ஒரு நடை வந்து என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தங்கள் ஷரத்து என்ன என்று எழுதவும். ரயில் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
வடிவேலு


786

வாணியம்பாடி,
20 ஆகஸ்டு 1933

அன்புள்ள வடிவேலு அவர்களுக்கு, தங்கள் சுகத்தை நாடும் கலீமுல்லா எழுதுவது. தண்ணீர் ஒத்துக்கொண்டது. பேச்சுத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, மதரஸாவில் எல்லாரும் உருது. தங்கள் கடிதத்தைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன், பாதி அதன் தமிழுக்காக. வண்டிமாட்டின் கால் தேவலையா? தங்கள் முழங்கால் எப்படி? மகள் சுலோச்சனா மயிலாப்பூரில் புருஷன் வீட்டில் சுகமாக இருக்கிறாளா?

ஷரத்து கேட்டீர்கள். வணங்கத் தகுந்தவன் அல்லாஹ் ஒருவனைத் தவிர வேறில்லை, முஹம்மது அவனுடைய தூதர் என்று மனமறிந்து சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் சொல்லி முடிகிற வார்த்தை. அதைச் சொல்ல நான் வேண்டாம், ரயிலும் வேண்டாம். நான் வாசலில் டிக்கெட் பார்க்கிறவன் இல்லை.

ஆனால் என்னைக் கேட்டீர்கள், ஆகையால் மௌலவி விட்டதை நான் கேட்கிறேன். ஏன்? யார் மேலாவது கோபத்தில் வருகிறீர்களா? கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன், எங்கே போகிறோம் என்று பார்ப்பதில்லை.

நிற்க. தங்கள் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருந்தது. குற்றமாகச் சொல்லவில்லை, சிரித்தேன். மனசு முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. கைக்கு இன்னும் சொல்லவில்லை.

தங்கள்,
கலீமுல்லா


மாம்பலம்,
3 செப்டம்பர் 1933

ஹஜ்ரத் அவர்களுக்கு வடிவேலு எழுதிக்கொண்டது. மாட்டின் கால் குணமாகிவிட்டது. என் முழங்கால் அப்படியே. தங்கள் சுகத்திற்கு எழுதவும்.

இந்தத் தாளுக்கு முன்னால் பல தாள்களைக் கிழித்துப் போட்டேன். கை தானாகப் போய்ச் சுழித்துவிடுகிறது. கடைசியில் தாளின் தலையை இடது கையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். தாங்கள் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம்.

கோபமா என்றீர்கள். நீற்றாத சுண்ணாம்பை வாயில் போடுகிறவன் இல்லை நான். கோபம் ஆறி வெகுநாளாகிறது. என் கதை தங்களுக்குப் பாதி தெரியும். பங்காளி வழக்கில் நான் எங்கள் சாதிப் பஞ்சாயத்துக்குக் கட்டுப்படாமல் சைதாப்பேட்டைக் கோர்ட்டுக்குப் போனேன். ஜெயித்தேன். அதற்காக என்னை விலக்கி வைத்தார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் என் வாசல் மிதிக்கக் கூடாது.

மறு புரட்டாசியில் என் பெண்சாதி செத்தாள். சொன்னபடியே யாரும் மிதிக்கவில்லை. ஆற்றோரத்திலிருந்து நாலு பேரைக் கூலிக்குப் பிடித்தேன். மழை வலுத்ததும், பாதி வழியில் பாடையை இறக்கி வைத்துக் கூலியை ஏற்றிக் கேட்டார்கள். அவளை நடுத்தெருவில் வைத்துக்கொண்டு நான் பேரம் பேசினேன், ஹஜ்ரத். வாய்ப் பழக்கம்.

கொஞ்ச நாள் கழித்துச் சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் அடக்கத்துக்கு ஒரு மய்யித்து போயிற்று. வெளியூர்த் தையற்காரர், சொந்தக்காரர் யாருமில்லை என்றார்கள். முஸ்லிம் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து ஆளுக்குக் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தார்கள். ஒருவர் விலகினால் அடுத்தவர். நானும் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்த் தோள் கொடுத்தேன். நீ யார் என்று யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்பு படிந்த தோள். நகர்ந்து இடம் விட்டார்கள்.

இதுதான் காரணம். சின்னக் காரணமென்றால் பூசி மெழுகாமல் சொல்லிவிடுங்கள்.

வடிவேலு


786

வாணியம்பாடி,
25 செப்டம்பர் 1933

அன்புள்ள வடிவேலு அவர்களுக்கு, தங்கள் நலம் கோரும் கலீமுல்லா எழுதுவது. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், அதனால்தான் தாமதம். இப்போது தேவலை. முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

காரணம் சின்னதில்லை. ஆனால் அது சாகிற நாளுக்கான காரணம். அதற்கு முந்திய நாட்களை என்ன செய்வீர்கள்?

நான் தங்களிடம் எதையும் மறைத்து விற்க விரும்பவில்லை. முதல் பெருநாளில் எல்லாரும் தங்களைக் கட்டித் தழுவுவார்கள். அதற்குப் பிறகு வரும் பெருநாட்களில் வரிசையில் நிற்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். ஏதாவது ஒரு பேச்சில் "நேற்று வந்தவர்தானே" என்று ஒருவர் சொல்வார். எங்களிடத்திலும் இருப்பவர்கள் மனிதர்களே. தனிமைக்கு மருந்து என்று வந்தால் ஏமாந்துபோவீர்கள். தோளோடு தோள் உரச நின்று தொழுதுவிட்டு அறைக்கு வந்து நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

தனியாக இருக்கும்போது தாங்கள் ஆண்டவனிடம் என்ன பேசுகிறீர்கள்? அதை எழுதுங்கள்.

பெண்சாதியைத் தூக்கினவர்களைப் பற்றி எழுதினீர்கள். அழுதது யார் என்று எழுதவில்லை. சுலோச்சனா சுகமா?

கலீமுல்லா


மாம்பலம்,
28 டிசம்பர் 1933

ஹஜ்ரத் அவர்களுக்கு வடிவேலு எழுதிக்கொண்டது. காய்ச்சல் மறுபடி வரவில்லையே? மழையில் கிளிஞ்சல் சுடுகிற காளவாய் முழுகிவிட்டது. ஏரியாக இருந்த இடத்தில் வீடு கட்டினவர்கள், தண்ணீர் பழைய வீட்டைத் தேடி வருகிறது என்று அழுகிறார்கள். அவர்களுக்கு நஷ்டம், தை பிறந்தால் எனக்கு வியாபாரம். எண்ணெய் தேய்க்கிறேன். முழங்காலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

நோன்பு மாதம் நடக்கிறதே. சாயங்காலம் பள்ளிவாசல் பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாங்கு சொல்கிற மோதினார் பீர் முஹம்மது கண்டுவிட்டான்.

"இன்னா மொதலாளி, மரத்தாண்ட நின்னுகினு கீறே? உள்ள வந்து குந்து."

"எனக்கென்ன நோன்பா கீன்பா?" என்றேன்.

"யாரு நோம்பு, யாரு இல்லன்னு கஞ்சிக்கு இன்னா தெரியும்? பசி கீதா இல்லியா, அத்த சொல்லு."

உண்மையில் அன்று விடியற்காலம் முதல் பச்சைத்தண்ணீர் என் பல்லில் படவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். குடித்தேன்.

பிறகு அவன் தாங்கள் எழுதிய கார்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னான். அவனுக்குத்தான் எழுத்து வராதே. அவனுக்கு "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஆரம்பிக்கிறீர்கள். எனக்கு "சுகம் நாடும்", "நலம் கோரும்". குறை சொல்லவில்லை. வியாபாரிக்குக் கண் அங்கேதான் போகும்.

தனியாக என்ன பேசுகிறேன் என்றீர்கள். பெண்சாதி படுத்திருந்தபோது கோயில் கோயிலாகப் போய்ப் பேசினேன். பிழைக்க வை, இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று. தப்பு சாமியிடத்தில் இல்லை. நான் போன விதம் அப்படி. இப்போது ஆட்கள் போன பிறகு காளவாய்ப் பக்கம் உட்கார்ந்து, "நீ இருக்கிறாய்" என்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை, கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு இது புதிது.

இதற்கு மேலும் என்ன வேண்டும் தங்களுக்கு? வாங்க வந்தவனை இவ்வளவு நாள் நிற்க வைக்கிற கடையை நான் பார்த்ததில்லை.

வடிவேலு


786

வாணியம்பாடி,
6 ஜனவரி 1934

அன்புள்ள வடிவேலு அவர்களுக்குக் கலீமுல்லா எழுதுவது. நான் சுகம்.

"நீ இருக்கிறாய்" என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் மகள் சுகமா என்று கேட்டுவந்தேன். மாட்டின் காலுக்குப் பதில் வந்தது. காளவாய்க்கு வந்தது. மகளைப் பற்றி ஒரு எழுத்து வரவில்லை. தங்களுக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவளுக்குத் தெரியாமல் இதைச் செய்தால், கடைத்தெருவில் யார் வாயாலோ கேட்டுத் தெரிந்துகொள்வாள். ஒளித்துவைத்து வருகிற மார்க்கம் இல்லை இது.

அவளிடம் தாங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வண்டியில் வருகிறேன்; பெருநாள் தொழுகையைத் தங்கள் பக்கத்தில் நின்று தொழுகிறேன். அதுவரை வரமாட்டேன்.

கலீமுல்லா


786

வாணியம்பாடி,
11 மார்ச் 1934

அன்புள்ள வடிவேலு அவர்களுக்கு. பெருநாள் வந்து போய்விட்டது. பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? பீர் முஹம்மதுக்குக் கார்டு போட்டால் அதைப் படித்துச் சொல்லவும் தாங்கள்தான் வேண்டும். ஆகையால் தங்களுக்கே எழுதுகிறேன்.

முதல் கடிதத்தில் நான் டிக்கெட் பார்க்கிறவன் இல்லை என்று எழுதினேன். பிறகு நானே வாசலில் கை நீட்டி, மகளிடம் சொன்ன சீட்டு எங்கே என்று கேட்டுவிட்டேன். ஆண்டவன் போடாத ஷரத்தைப் போட எனக்கு அதிகாரமில்லை. இடையில் தங்களுக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் என்ன பதில் சொல்வேன் என்பதை நினைக்க முடியவில்லை.

மகளிடம் சொல்வதும் சொல்லாததும் தங்கள் இஷ்டம். அதற்கும் இதற்கும் முடிச்சு வேண்டாம். குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். இமாம் சொல்லிக்கொடுப்பார், பீர் முஹம்மது பக்கத்தில் இருப்பான். இனி ஒரு நாள்கூட எனக்காக நிற்க வேண்டாம்.

கலீமுல்லா


மாம்பலம்,
17 மார்ச் 1934

ஹஜ்ரத் அவர்களுக்கு வடிவேலு எழுதிக்கொண்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

தாங்கள் ஷரத்தை எடுத்துவிட்டீர்கள். நான் அதைத் தை மாதமே நிறைவேற்றிவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை.

என் பெண்சாதிக்காக அழுதவள் அவள்தான். விலக்கு வந்த நாள் முதல் மகள் என்னோடு பேசக் கூடாது என்று மயிலாப்பூரில் கட்டளை. அம்மா செத்த அன்று, மாமியார் தடுத்தும் கேட்காமல் ஓடி வந்தாள். திரும்பிப் போனபோது கதவைத் திறக்கவில்லை. மழையில் வாசலிலேயே நின்றாள். பொழுது விடிந்த பிறகு மாப்பிள்ளை கோதண்டபாணி திறந்து, "இன்னொரு தரம் உன் அப்பனால் எங்களுக்குத் தலைகுனிவு வந்தால் அங்கேயே இருந்துவிடு" என்றாராம். என்னால் அவள் ஒருமுறை வெளியே நின்றாயிற்று. இதைத் தங்களுக்கு எப்படி எழுதுவேன்?

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழி இருந்தது. மாதம் ஒருமுறை சைதாப்பேட்டையில் நாத்தனார் வீட்டுக்கு வருவாள். வரும்போது சந்தையில் தாயம்மாவின் வெற்றிலைக் கடைக்கு வருவாள். நான் அந்தக் கடைக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு போடும் சாக்கில் நிற்பேன். அவள் வெற்றிலை பொறுக்கி முடிக்கும் வரை பார்த்துக்கொள்வோம், இரண்டு வார்த்தை பேசுவோம். தை மாதம் அங்கேதான் சொன்னேன். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை, நிறைமாதம்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? ஜொரமா?"

ஜுரமில்லை என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். அவள் வெற்றிலை பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அம்மா செத்தன்னிக்கு வந்ததுக்கே அவரு இன்னா சொன்னாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே கேக்கறியா?"

"கேக்கலம்மா. சொல்றேன்."

"ரெண்டுக்கும் இன்னா நைனா வித்தியாசம்?"

"நீ வேணாம்னா சொல்லு, இன்னியோட வுட்டுடறேன்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "அத்த என் தலையில கட்டாத. உன் சாமி, உன் பாடு. நான் வேணாம்னு சொல்லி நீ வுட்டுட்டு, அப்பால ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாத்துகினே குந்தினு இருப்பியா?" வெற்றிலைக் கவுளியைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மாசியில் சந்தைக்கு வரவில்லை. பிள்ளை பிறந்ததா, என்ன பிள்ளை, ஒன்றும் தெரியாது.

அவள் சொன்னதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அவளைச் சாக்காக வைத்துக்கொண்டு நிற்கவும் எனக்கு வழியில்லை. வரும் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் போகிறேன்.

வடிவேலு


786

வாணியம்பாடி,
2 ஏப்ரல் 1934

அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்புச் சகோதரர் அப்துல் கய்யூம் அவர்களுக்கு. பீர் முஹம்மது யாரையோ பிடித்துக் கார்டு எழுதச் செய்திருக்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன் சொன்னீர்களாம், குரல் நடுங்கவில்லையாம், அவனுக்குத்தான் அழுகை வந்ததாம். பெயரைத் தாங்களே கேட்டு வாங்கினீர்கள் என்று எழுதியிருக்கிறான். கய்யூம் என்பது ஆண்டவன் பெயர்களில் ஒன்று; எதன் மேலும் சாயாமல் தானே நிலைத்திருப்பவன், மற்றதையெல்லாம் நிலைக்க வைப்பவன். அவனுடைய அடிமை, தாங்கள். நல்ல பெயர்.

மதரஸாவில் விடுமுறை கொடுக்கவில்லை. கேட்டிருக்கிறேன்.

சுலோச்சனா சுகமா என்று இனித் தங்களைக் கேட்கமாட்டேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

கலீமுல்லா


உ

மயிலாப்பூர்,
20 ஏப்ரல் 1934

நைனாவுக்கு சுலோச்சனா எழுதறது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா, முட்டிவலி எப்படி கீது. மாசியில ஆம்பளப் புள்ள பொறந்தான். உன் காது.

நீ பள்ளிவாசலுக்குப் போன சேதி அன்னிக்கு சாயங்காலமே இங்க வந்துட்டுது. மாமியார் கிணத்தாண்ட நின்னுகினு, ஒண்ணு புள்ளயத் தூக்கிகினு அவன்கிட்டயே போ, இல்லன்னா அப்பன் செத்தான்னு தலை முழுகுன்னு சொன்னாங்க. அவரு ஒண்ணும் பேசல. நான் முழுகிட்டேன் நைனா. பச்ச ஒடம்போட, அம்மாவுக்கு முழுகினா மாதிரியே முழுகினேன். அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல. செத்தவரப் பத்தி யாருக்கு பயம்.

வைகாசியில நாத்தனார் வூட்டுக்கு அனுப்பறேன்னு சொல்லிகீறாங்க. தாயம்மா கடையாண்ட வா. பேசி வெச்சிக்கணும்.

இதுக்கு பதில் போடாத.

சுலோச்சனா


மாம்பலம்,
3 ஜூன் 1934

வ அலைக்குமுஸ்ஸலாம்.

ஹஜ்ரத் அவர்களுக்கு அப்துல் கய்யூம் எழுதிக்கொண்டது. நான் சுகம். விடுமுறை கிடைத்ததா?

தாளின் தலையில் ஒன்றும் போடவில்லை. பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 போடுங்கள் என்று பீர் முஹம்மது சொன்னான். கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. சும்மா விட்டுவிட்டேன். அது வருகிற நாளில் வரட்டும்.

தாங்கள் சொன்னபடியேதான் எல்லாம். தியாகத் திருநாளில் கட்டித் தழுவினார்கள். இப்போது வரிசையில் ஒரு ஆள். தொழுது முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். நான் மண்டிக்கு வருகிறேன். தங்கள் மேல் குறையில்லை, முன்னாலேயே சொல்லித்தான் கொடுத்தீர்கள். காளவாய்ப் பக்கம் உட்கார்ந்தால் அந்த வார்த்தை வருகிறது. அதற்குக் குறைவில்லை.

சென்ற வாரம் சுலோச்சனாவைப் பார்த்தேன். நான் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போன அதே வெள்ளிக்கிழமை, எனக்காக அவள் தலை முழுகியிருக்கிறாள். பேரன் பிறந்திருக்கிறான். காது என்னுடையதுதான், மடலில் அந்த மடிப்பு உட்பட.

அவள் பேசிவைத்துக்கொள்ள வந்தாள். வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசி ஷரத்தைச் சொல்லும்போது குரல் தடுக்கியது. ஒரு தள்ளு தள்ளினால் இறங்கி வந்திருப்பாள். இவ்வளவு காலம் விற்று வாங்கினவனுக்கு அது தெரியாதா. பெண்சாதியைத் தெருவில் வைத்துப் பேரம் பேசினவன், இங்கே பேசவில்லை. சொன்னபடிக்கே ஒத்துக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை, அவள் நாத்தனார் வீட்டுக்கு வரும் நாளில், தாயம்மா கடை முன்னால். வெற்றிலை பொறுக்கி முடிக்கும் வரை. பிள்ளையைத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம். கையில் பண்டம் கொடுக்கக் கூடாது. மயிலாப்பூர்ப் பக்கம் வண்டி வரக் கூடாது. நான் செத்தால் பீர் முஹம்மது தாயம்மாவிடம் சொல்ல வேண்டும். என் மய்யித்து தோள் மாறி மாறிப் போகும்போது அவள் சந்தை முனையில் நின்று பார்ப்பாள், அழமாட்டாள். தாத்தா என்று பிள்ளைக்குச் சொல்லித்தரமாட்டாள். பேச்சு வந்து, இவர் யார் என்று அவன் கேட்டால், சுண்ணாம்புக்காரர்.

அப்துல் கய்யூம்